காடு மண்டிய கொல்லையைத் திருத்திப் புல்தரைக்கு நிலம் பண்படுத்தும் முறை

பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்த கொல்லைப்புறத்தைத் திருத்த வேண்டும் என்றவுடன் பெரும்பாலோர் செய்வது இரண்டே காரியங்கள். ஒரு ஜேசிபி வண்டியை வரவழைத்து அரை நாளில் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடுகிறார்கள்; அடுத்த வாரமே நர்சரியிலிருந்து புல் பாய்களை வாங்கி வந்து விரித்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் பிறகு புல்லைத் துளைத்துக்கொண்டு கோரை தலைகாட்டும், மழை பெய்தால் அங்கங்கே நீர் தேங்கும், ஆண்டு திரும்புவதற்குள் புல்லைவிடக் களை மிகுந்துவிடும். பலர் அப்போது புல் வகையைக் குறை சொல்லி வேறு புல் வாங்குகிறார்கள். அடியில் உள்ள நிலம் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது.

இங்கே விவரிக்கும் முறை, தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்புள்ள ஒரு பின்பக்கத் தோட்டத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பங்குனியில் வேலையைத் தொடங்கிப் புரட்டாசியில் புல் நடுவது இதன் காலக்கணக்கு. அரை ஆண்டா என்று மலைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் வெயிலும் மழையும்தான் வேலை செய்யும், நாம் இடையிடையே மண்வெட்டி பிடித்தால் போதும். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்குப் புல் வகையும் பருவமும் வேறு என்பதால், மண்ணைப் பற்றிய பகுதிகள் மட்டுமே அங்குள்ளோருக்குப் பயன்படும்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

எவ்வளவு பரப்பில் புல் வேண்டும் என்பதைக் கண்ணுக்கு அழகாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீரை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கோடையில் நேரடி வெயில் விழும் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீர் வெளியேறுகிறது எனக் கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது சரியாக 1 லிட்டர். 400 சதுர அடி என்பது சுமார் 37 சதுர மீட்டர். ஆகவே முழுப் பரப்பிலும் புல் இருந்தால், சித்திரை வைகாசியில் நாள்தோறும் 185 லிட்டர், அதாவது பன்னிரண்டு குடம் தண்ணீர் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது கட்டுப்படியாகாது. 150 அல்லது 200 சதுர அடியில் மட்டும் புல்லை வைத்துக்கொண்டு, மீதி இடத்தில் மரம், வாழை, செம்பருத்தி, நடைபாதை என ஒதுக்குவதே நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சுவதாக இருந்தால் அதன் உப்பையும் பார்க்க வேண்டும். குழாய் வாயிலும் வாளியிலும் வெள்ளைப் படிவு கட்டுகிறதென்றால் அந்த நீரை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் மண்ணோடு பாசன நீரையும் பரிசோதித்துத் தருகிறார்கள்.

அடுத்து நிழல். புல்லுக்கு ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மாமரத்தின் அடியிலும், இரண்டு மாடிக் கட்டடத்தின் வடபுறத்திலும் புல் வளர்க்க முயல்வது வீண். எந்த இடத்தில் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்பதை ஓரிரு நாள் கவனித்து, சுண்ணாம்புத் தூளால் தரையிலேயே கோடு போட்டு வைத்துக்கொண்டால், பின்னால் வரும் வேலைகள் அனைத்தும் அந்தக் கோட்டுக்குள் அடங்கும்.

காட்டை வெட்டுதல்

காடு மண்டிய கொல்லையில் முதல் அபாயம் பாம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் வீட்டை ஒட்டிய புதரிலும் செங்கல் குவியலிலும் தங்கக்கூடியவை. எனவே முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணி அணிந்து, நீளமான கழியால் புதரைத் தட்டி ஓசை எழுப்பிக்கொண்டு, வெளிச்சம் நன்றாக வந்த பிறகே உள்ளே இறங்க வேண்டும். ஓடு, செங்கல், மரக்கட்டை ஆகியவற்றை வெறுங்கையால் புரட்டக் கூடாது; கடப்பாரையின் நுனியால், நம் பக்கம் திறக்காமல் எதிர்ப்பக்கம் திறக்கும்படி நெம்பிப் புரட்ட வேண்டும். தேள், பூரான் விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஆம்புலன்சை அழைத்து, நஞ்சுமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

கடப்பாரை தரையில் இறங்கும் முன், பூமிக்கு அடியில் என்னென்ன ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ளவும். கழிவுநீர்த் தொட்டி, அதற்குச் செல்லும் குழாய், தண்ணீர்க் குழாய், மோட்டாருக்குப் போகும் மின்கம்பி, மின்சார எர்த் குழி ஆகியவை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஜேசிபி வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். பழைய கழிவுநீர்த் தொட்டியின் மூடி அந்த எடையைத் தாங்காது. மீதிக் காரணம், அதன் சக்கரங்கள் ஈர மண்ணை அழுத்தி இறுக்கிவிட்டால் அதை மீண்டும் பொலபொலப்பாக்கப் பெரும்பாடு படவேண்டியிருக்கும் என்பது. இரண்டு ஆட்களை விட்டு வீச்சரிவாளாலும் மண்வெட்டியாலும் வெட்டவைப்பது செலவிலும் அப்படியொன்றும் கூடுதலாகாது.

எதை வைத்துக்கொள்வது என்பதையும் அப்போதே தீர்மானிக்க வேண்டும். முருங்கை, கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை போன்றவை புதருக்குள் மறைந்து நிற்கலாம். அவற்றில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வெட்டத் தொடங்கினால் ஆட்கள் தவறி வெட்டமாட்டார்கள். பறவைகள் விதை போட்டு முளைத்த சந்தனக் கன்று சில கொல்லைகளில் மரமாகவே நிற்பதுண்டு. வனத்துறையின் அனுமதியின்றி அதைத் தொடக் கூடாது. மதில் சுவரில் வேர்விட்ட அரசங்கன்றை மட்டும் தயங்காமல் எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும். சுவரின் பூச்சைக் கொத்தி, வேரோடு உருவி, அந்த ஓட்டையைச் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும்.

களைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதால் வெட்டும் முறையும் ஒன்றல்ல. சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் எழும்பும். தரைக்குக் கீழே தண்டும் வேரும் சேருமிடம் முழுவதையும் தோண்டி எடுத்தால்தான் அது சாகும். எருக்கை வெட்டும்போது பால் கண்ணில் தெறித்தால் கண்ணே பாதிக்கப்படலாம் என்பதால் கண்ணாடி அணிவது அவசியம். குப்பைமேனி, துத்தி, நாயுருவி ஆகியவற்றை ஈர மண்ணில் பிடித்து இழுத்தால் வந்துவிடும். மூக்கிரட்டைக்குத் தடித்த ஆணிவேர் உண்டு. அது பாதியில் அறுந்தால் மீண்டும் வளரும் என்பதால் கொத்தால் பக்கவாட்டில் தோண்டியே எடுக்க வேண்டும்.

பார்த்தீனியத்துக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும் என்பதால், வெள்ளைப் பூ பூப்பதற்கு முன்பே பிடுங்குவதுதான் புத்திசாலித்தனம். அதன் மகரந்தமும் சாறும் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது, ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். பூத்துவிட்ட செடியாக இருந்தால், பிடுங்கிய உடனே சாக்கில் திணித்துக் கட்டிவிடவும். உரக்குழியில் போட்டால் அதன் விதைகள் அடுத்த ஆண்டு எருவோடு தோட்டத்துக்கே திரும்பி வரும்.

வெட்டிய குப்பையைக் கொளுத்திவிடும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அதில் பிளாஸ்டிக்கும் பழைய வயரும் கலந்திருக்கும், அக்கம்பக்கத்தார் புகையில் மூச்சுத் திணறுவார்கள், வேரோடு நிற்கும் மரங்களும் கருகும். விதையில்லாத தழையை ஒரு மூலையில் குவித்து மட்கவைப்பதும், முள்ளையும் கட்டையையும் தனியே அப்புறப்படுத்துவதும் போதும். அதன் பிறகு கண்ணாடித் துண்டு, ஆணி, ஓட்டுச்சில்லு, சிமெண்ட் கட்டி ஆகியவற்றைப் பொறுக்க வேண்டும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடப்போகும் இடம் இது என்பதை மனத்தில் வைத்துப் பொறுக்கவும். கயிற்றில் கட்டிய ஒரு காந்தத்தைத் தரையில் இழுத்துச் சென்றால் கண்ணுக்குத் தப்பிய ஆணிகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

கோரையை ஒழிக்காமல் அடுத்த வேலை இல்லை

புல்தரைக்கு நிலம் பண்படுத்துவதில் பாதி வேலை கோரையை ஒழிப்பதுதான். அது புல் போலத் தோன்றினாலும் புல் இனத்தைச் சேர்ந்ததன்று. தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் உருளாமல் மூன்று முனைகள் தட்டுப்படும். ஒரு செடியைப் பிடுங்காமல், அதைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை மெல்லக் கிளறிப் பாருங்கள். தண்டின் அடியில் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதிலிருந்து கம்பி போன்ற வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடி, விரல் நுனியளவு கறுத்த கிழங்கில் முடியும். அந்தக் கிழங்கிலிருந்து மீண்டும் ஒரு வேர்த்தண்டு கிளம்பி அடுத்த கிழங்குக்குப் போகும். இவ்வாறு சங்கிலியாகத் தொடரும் கிழங்குகளில் ஒன்றிரண்டு மட்டுமே முளைத்திருக்கும், மற்றவை உறங்கிக் கிடக்கும். சங்கிலி முழுதாக இருக்கும்வரை முன்னால் உள்ள கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. மண்வெட்டியோ பவர் டில்லரோ சங்கிலியைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டால், ஒவ்வொரு கிழங்கும் விடுதலை பெற்றுத் தனித்தனியே முளைக்கும். டில்லர் ஓட்டிய நிலத்தில் ஒரு மழைக்குப் பின் கோரை முன்னைவிடப் பல மடங்கு எழும்புவது இதனால்தான்.

ஆகவே சித்திரையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திப் பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போட வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் அந்த ஆழத்துக்குள்ளேயே இருக்கும். கண்ணில் படுவதை ஒரு பாண்டுச் சட்டியில் பொறுக்கிச் சேர்க்கவும். பொறுக்கியதைத் தோட்டத்தின் எந்த மூலையிலும் கொட்ட வேண்டா. புரட்டிய மண்ணைத் தண்ணீர் படாமல் கத்திரி வெயிலில் விட்டு, வாரம் ஒருமுறை கட்டிகளை மறுபுறம் திருப்பிப் போட்டால், மேலே வந்த கிழங்குகள் ஈரம் வற்றிச் சுருங்கிச் செத்துவிடும். கோடை மழை குறுக்கிட்டால், மண் உலர்ந்ததும் மீண்டும் ஒருமுறை திருப்ப வேண்டும்.

கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் ஈர மண்ணை நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்து வெப்பத்தால் களை விதைகளைக் கொல்லும் முறையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். பார்த்தீனியம், சாரணை போன்றவற்றின் விதைகளுக்கு அது நல்ல முறையே. தாள் கறுப்பாக இல்லாமல் ஒளி புகுவதாக இருக்க வேண்டும், ஓரங்களை மண்ணால் இறுக மூட வேண்டும். ஆனால் அதற்கு ஈர மண் தேவை, கோரைக்கிழங்கைக் காயவைப்பதற்கோ உலர்ந்த மண் தேவை. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் செய்ய முடியாது. கோரை மிகுந்த நிலமானால் காயவிடும் முறையையும், விதைக்களை மட்டுமே உள்ள நிலமானால் தாள் மூடும் முறையையும் தேர்ந்துகொள்ளவும்.

களைக்கொல்லியைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கிளைபோசேட், பச்சை இலை வழியாக உள்ளிறங்கி முளைத்த கிழங்கைக் கொல்லும்; உறங்கும் கிழங்கை அது ஒன்றும் செய்யாது, ஆகையால் ஒருமுறை தெளித்துவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022இல் அறிவிக்கை வெளியிட்டது. 400 சதுர அடிக்கு அது தேவையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வெயிலுக்குத் தப்பிய கிழங்குகளுக்கு ஆனி மாதத்தில் ஒரு பொறி வைக்கலாம். நிலத்தை லேசாகச் சமன்செய்து தண்ணீர் தெளித்தால், பத்துப் பதினைந்து நாளில் மிஞ்சிய கோரையும் களை விதைகளும் முளைத்து நிற்கும். கோரை முளைத்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான் புதிய கிழங்கு கட்டத் தொடங்கும்; அதற்குள் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். மற்றக் களைகளை மேலாகச் சுரண்டிவிட்டாலே போதும், ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள விதைகள் மேலே வந்துவிடும். இதை இரண்டு முறை செய்த நிலத்தில் பின்னர் களை எடுக்கும் வேலை பெரிதும் குறைந்துவிடும்.

மண்ணை அறிதல்

மண் எப்படிப்பட்டது என்று தெரியாமல் லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டுவது பரவலான பழக்கம். முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, கல்லும் வேரும் நீக்கிய மண்ணால் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி ஓரிடத்தில் அசையாமல் வைக்கவும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கலாக நின்று மெல்லப் படிவது களி. மூன்று அடுக்குகளின் உயரத்தையும் ஓர் அளவுகோலால் அளந்தால், மண்ணின் குணம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். சென்னையிலேயே பெசன்ட் நகர் மண்ணில் பாட்டிலின் பெரும்பகுதி மணலாக இருக்கும், வேளச்சேரி மண்ணிலோ களி அடுக்கு தடித்திருக்கும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் என்றால் சொல்லவே வேண்டா.

களிமண்ணைத் திருத்துவதற்குக் கொஞ்சம் மணல் கலந்தால் போதும் என்பது தவறான எண்ணம். சிறிதளவு மணல் சேர்ந்த களி காய்ந்தால் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். குணம் மாறும் அளவுக்கு மணல் சேர்ப்பதென்றால் செலவு தாங்காது. களிமண்ணுக்கும் மணல் மண்ணுக்கும் மருந்து ஒன்றே, அது மட்கிய எரு. களியில் அது துகள்களைத் திரட்டிக் காற்றுக்கும் நீருக்கும் இடைவெளி உண்டாக்குகிறது. மணலில் அது நீரைப் பிடித்து வைக்கிறது. இங்கே மட்கிய என்ற சொல்லை அழுத்திப் படிக்கவும். பச்சைச் சாணத்திலும் அரைகுறையாக மட்கிய குப்பையிலும் வெள்ளை வேர்ப்புழுக்கள் இருக்கும், கறையானும் வரும். ஆட்டு எரு, மாட்டு எரு ஆகியவற்றில் சீமைக் கருவேல விதைகள் செரிக்காமல் வெளிவந்து கிடக்கலாம். கையில் எடுத்தால் சூடும் நாற்றமும் இல்லாமல், கறுத்துப் பொலபொலவென்று உதிரும் எருவே ஏற்றது.

அளவைப் பொறுத்தவரை, மேற்பரப்பில் ஓர் அங்குலத் தடிமனுக்கு எருவைப் பரப்பி, மேல் அரை அடி மண்ணோடு கலந்தால் சரியாக இருக்கும். 400 சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்பது 33 கன அடி. நம் ஊர் வழக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி ஆகையால், மூன்றில் ஒரு யூனிட் எரு போதும். பள்ளம் நிரப்ப மேல்மண் வாங்குவதானாலும் இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளவும். அந்த மண்ணோடு புதிய கோரைக்கிழங்கு வந்து சேரும் வாய்ப்பு உண்டு என்பதால், இறக்கும் முன் ஒரு கூடையைச் சல்லடையில் சலித்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

வீடு கட்டியபோது மிஞ்சிய சிமெண்ட் கலவையும் சுண்ணாம்பும் கொட்டப்பட்ட இடங்களில் மண் காரத்தன்மை ஏறியிருக்கும். அங்கே புல் எவ்வளவு உரமிட்டாலும் மஞ்சளாகவே நிற்கும், ஏனென்றால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. அந்தத் திட்டில் அரை அடி ஆழத்துக்கு மண்ணையே மாற்றிவிடுவதுதான் எளிது. நிலம் முழுவதும் களர், அதாவது காரத்தன்மை மிகுந்த மண், என்று பரிசோதனையில் தெரிந்தால் பரிசோதனை நிலையத்தார் எழுதித் தரும் அளவுக்கு ஜிப்சம் இடலாம். பரிசோதிக்காமல் பக்கத்து வீட்டார் இட்டார்கள் என்று இடக் கூடாது.

ஆடியில் பசுந்தாள்

ஆடிப்பட்டம் தேடி விதைப்பது பயிருக்கு மட்டுமன்று, இந்த வேலைக்கும் பொருந்தும். முதல் மழை ஈரத்தில் நிலம் முழுவதும் சணப்பையை, அதாவது பச்சையாகவே மண்ணில் புதைத்து உரமாக்கும் பசுந்தாள் செடியை, விதைத்துவிடலாம். 400 சதுர அடிக்குக் கால் கிலோ விதை போதும். வயலில் விதைக்கும் அளவைவிட இது அதிகம். செடிகள் நெருக்கமாக எழுந்து தரையில் நிழல் விழச்செய்ய வேண்டும் என்பதற்காக இப்படிச் சொல்கிறேன். கோரைக்கு நிழல் ஆகாது. மழைநீர் தேங்கும் இடத்திலும் களர் மண்ணிலும் சணப்பைக்குப் பதிலாகத் தக்கைப்பூண்டு விதைப்பது நல்லது. ஏறத்தாழ 45 நாளில் பூ எடுக்கும் தறுவாயில் அவற்றை வெட்டி, அரிவாளால் துண்டாக்கி, மண்ணோடு கொத்திப் புதைத்து, ஈரம் காயாமல் மூன்று வாரம் விட வேண்டும். அவசரப்பட்டு முன்பே புல் நட்டால், தழை அழுகும் வெப்பம் இளம் வேரைப் பாதிக்கும்.

இதைச் செய்யாமலும் புல்தரை அமைக்கலாம். ஆனால் எரு வாங்கும் செலவு பாதியாகக் குறைவதும், மண் கொத்தும்போது மண்வெட்டிக்கு வழிவிடுவதும் இதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாட்டமும் மட்டமும்

புல்தரை சமமாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள், மேடு பள்ளமின்றி இருக்க வேண்டும் என்பதே. தண்ணீர் வடிய ஒரு வாட்டம் இருந்தே தீர வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் தாழும்படி அமைப்பது போதுமானது. அடித்தளத்தில் ஈரம் ஏறாமலும் கறையான் வராமலும் இருக்க, சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குப் புல் வைக்காமல் கூழாங்கல் பரப்பிவிடுவது என் விருப்பம். வாட்டத்தின் தாழ்ந்த முனையில் மழைநீர் சேகரிப்புக் குழி இருந்தால் வடியும் நீர் அதில் இறங்கும். 2003க்குப் பின் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் அது கட்டாயமாக்கப்பட்டது என்பதால் பெரும்பாலும் குழி இருக்கும், தூர்ந்துபோயிருந்தால் இப்போதே தூர்வாரிவிடவும்.

வாட்டத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றே போதும். நான்கு மூலையிலும் நடுவிலும் முளைக்குச்சிகள் அடித்து, குழாயின் இரு முனைகளிலும் நீர் நிற்கும் மட்டத்தைக் குச்சிகளில் குறித்து, அதிலிருந்து தேவையான தாழ்வைக் கீழே அளந்து கயிறு கட்டிவிட்டால், எங்கே வெட்டி எங்கே நிரப்ப வேண்டும் என்பது தெளிவாகிவிடும். வெட்டும்போது மேல் அரை அடி வளமான மண்ணைத் தனியே ஒதுக்கி, அடிமண்ணில் வாட்டத்தை அமைத்த பிறகு மேல்மண்ணை மீண்டும் பரப்ப வேண்டும். மேட்டு மண்ணை அப்படியே பள்ளத்தில் தள்ளினால், பள்ளம் இருந்த இடத்தில் புல் செழிக்கும், மேடு இருந்த இடத்தில் வெளுக்கும்.

கொத்திய மண் உப்பியிருக்கும் என்பதால் அதை அமர்த்த வேண்டும். முழுப் பரப்பையும் நீர் தேங்காமல் ஆழமாக நனைத்து, இரண்டு நாள் கழித்து, குதிகாலில் எடையை வைத்துச் சிறு சிறு அடியாக நெடுக்கிலும் குறுக்கிலும் மிதித்து வரவும். கால் புதையும் இடத்தில் மண் போட்டு, வாரியால் இழுத்து, ஒரு நீளமான பலகையைப் பரம்பு போலக் கயிறு கட்டி இழுத்தால் சிறு மேடுகள் மறைந்துவிடும். பிறகு ஒரு நல்ல மழை பெய்யட்டும். பெய்யாவிட்டால் குழாயால் நனைக்கவும். நீர் நிற்கும் திட்டுகளைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து மறுபடி நிரப்ப வேண்டும். முடிவில் நிலத்தின் மட்டம் நடைபாதைக் கல்லைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருப்பது சரியான அளவு. குதிகால் சற்றே பதிந்து, ஆனால் புதையாமல் இருக்கும் பக்குவத்தில் நிலம் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம்.

புல் நடுதல்

வகையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வெயிலும் குறைந்த தண்ணீரும் உள்ள இடத்துக்கு அருகம்புல்லை மிஞ்சியது எதுவும் இல்லை. அடிக்கடி வெட்ட வேண்டும் என்பதும், மதிலோரப் பாத்திகளுக்குள் ஓடிவிடும் என்பதுமே அதன் குறைகள். கொரியன் புல் மெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் மெதுவாகவே பரவும், நாளடைவில் மேடு மேடாகத் திரளும். ஓரளவு நிழல் விழும் இடத்துக்கு அகன்ற இலையுள்ள பஃபலோ புல் ஏற்றது. நர்சரியில் பாயாக வாங்கினால், ஒன்றிரண்டு பாய்களைத் திருப்பி அடிமண்ணைப் பிட்டுப் பாருங்கள். கோரைக்கிழங்கு தென்பட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்கக் கூடாது.

அவசரமில்லாதவர்கள் பாய் வாங்காமல், வேருள்ள புல் துண்டுகளை நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றலாம். சதுர அடிக்கு ஒன்பது துண்டு என்பது கணக்கு. அருகம்புல்லை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிச் சாணம், தோட்ட மண், தண்ணீர் ஆகியவற்றோடு குழைத்து ஈர நிலத்தில் மெழுகுவதைப் போலப் பரப்பும் முறையும் உண்டு. களை ஒழிந்த நிலத்தில்தான் அது பலிக்கும்.

புரட்டாசி முற்பகுதியில் நட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடிக்க மூன்று நான்கு வாரம் கிடைக்கும். மழையில் கணுக்கால் அளவு நீர் நிற்கும் தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகு நடுவதே நல்லது, கூடுதல் தண்ணீர்ச் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். நட்ட முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் மேல்மண் உலராதபடி தூவலாக நீர் தெளிக்கவும். வேர் பிடித்தபின் இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அரை அடி ஆழம் நனையும்படி விடவும். அதுவரை யாரும் அதன்மேல் நடக்கக் கூடாது என்பதை வீட்டில் உள்ள நாய்க்குப் புரியவைப்பதுதான் கடினம். சுற்றிலும் கயிறு கட்டிப் பழைய வலையை மறைப்பாகப் போட்டுவிடுங்கள்.

நடும்போது மிஞ்சிய புல்லை எறியாமல், ஓர் அகலமான மண்தொட்டியில் வைத்து நீரூற்றி வளர்த்துவரவும். புல் இரண்டரை அங்குலம் உயர்ந்ததும், கூரான கத்தியுள்ள இயந்திரத்தால், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் முதல் வெட்டு வெட்டலாம். வெட்டிய பரப்பில் இரண்டு மூன்று நாள் கழித்து மற்றப் புல்லைவிட வேகமாக, வெளிர்பச்சையாக நீண்டு நிற்கும் தாள்கள் எங்கேனும் தெரிந்தால், அது தப்பித்த கோரை. அந்த இடத்தை மட்டும் களைக்கொத்தியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, கிழங்கோடு எடுத்துவிட்டு, குழியை நிரப்பி, தொட்டியிலுள்ள புல்லிலிருந்து ஒரு துண்டைப் பிட்டுப் பதித்து மிதித்துவிடவும்.